காசு போட ஓட்டை இல்லாத மெஷின்

எண்பதுகளில் சென்னைப் புறநகர் ரயில் நிலையங்களில் மெஷின் என்று ஒன்று இருந்தால் அது எடை பார்க்கும் மெஷின்தான். கண்ணாடிக்குள் வண்ண விளக்குகள் மினுங்கும், ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஏறி நின்று, சக்கரம் நின்றதும் காசைப் போட்டால் கடகடவென்று சத்தம் போட்டுவிட்டு ஒரு சின்ன அட்டையைத் தள்ளும். ஒரு பக்கம் எடை, இன்னொரு பக்கம் ஜோசியம். கிட்டத்தட்ட ரயில் டிக்கெட் அளவுதான் அந்த அட்டையும். காசு போட்டால் சீட்டு வரும் என்பதில் எங்கள் தலைமுறைப் பிள்ளைகளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

டிக்கெட்டை அப்போது ஆள் கொடுத்தார். கம்பி வலைக்குக் கீழே கை நுழையும் அளவுக்கு ஒரு வளைவு. அதன் வழியாகப் பணத்தை நீட்டி “பார்க் ஒண்ணு” என்றால் போதும். அவருக்குப் பின்னால் மரப் பெட்டியில் ஊர் வாரியாக அட்டை டிக்கெட்டுகள் அடுக்கியிருக்கும். ஒன்றை உருவி, தேதி அடிக்கும் கருவியின் வாயில் செருகி டக்கென்று ஒரு இழுப்பு. உங்கள் கையில் டிக்கெட். இங்கிலாந்தில் தாமஸ் எட்மன்சன் என்ற ஸ்டேஷன் மாஸ்டர் 1830களின் கடைசியில் யோசித்துச் செய்த முறை அது. வரிசை எண் போட்ட அட்டை, ஏறக்குறைய 57 மில்லிமீட்டர் நீளம், 30 மில்லிமீட்டர் அகலம். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் உலகம் முழுக்க அதுதான் ரயில் டிக்கெட். 1931இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பீச் – தாம்பரம் தடத்திலும் நாங்கள் அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டுதான் போய்வந்தோம்.

அந்தக் காலம் பொற்காலம் இல்லை. வரிசை ஆமை வேகத்தில் நகரும். நம் முறை வரும்போது ரயில் கிளம்பும். அதைவிடப் பெரிய தொல்லை சில்லறை. பத்து ரூபாய்த் தாளை நீட்டினால் கவுண்டர்காரர் முகம் சுருங்கும். “சில்லறையா இருந்தா குடு, இல்லேன்னா தள்ளி நில்லு” என்பார். தள்ளி நிற்பவர்கள் ஒரு தனி வரிசையாகவே நிற்பார்கள். ஆனால் அந்தச் சிக்கலுக்கு அங்கேயே ஒரு விடை உண்டு. பின்னால் நிற்பவர் மடியை அவிழ்த்துப் பார்ப்பார். பூக்காரம்மா சுருக்குப்பையைக் கவிழ்ப்பார். யாரோ ஒருவரிடம் காசு இருக்கும். பணம் செல்லுமா என்ற கேள்வியே அங்கே எழவில்லை. அதை உடைப்பது எப்படி என்பதுதான் கேள்வி.

2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று ஆனபோது, நாடே கையைப் பிசைந்துகொண்டு நின்றது. அரசு மருத்துவமனை, பெட்ரோல் பங்க் என்று ஒருசில இடங்களில் மட்டும் கொஞ்ச நாள் வாங்கலாம் என்று விலக்குக் கொடுத்தார்கள். அந்தப் பட்டியலில் ரயில்வே கவுண்டரும் இருந்தது. பெரும்பாலான இடங்களில் எடுபடாத நோட்டை வாங்கிக்கொண்ட அந்த ஜன்னலில்தான் இன்று செல்லுபடியாகும் பத்து ரூபாயோடு நின்றாலும் பதில் சொல்ல ஆள் இல்லை.

ஜன்னலில் ஆள் இல்லாமல் போன இந்த மாற்றம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதலில் ஸ்மார்ட் கார்டு மெஷின் வந்தது. கார்டை மேடையில் வைத்து, திரையில் ஊரைத் தொட்டால் டிக்கெட் அச்சாகும். வரிசையைத் தவிர்க்க வந்த கார்டுக்குப் பணம் ஏற்ற அதே வரிசையில்தான் நிற்க வேண்டியிருந்தது. 2015 வாக்கில் சென்னைக்குச் செல்போன் டிக்கெட் வந்தது. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்று எடுக்க முடியாது, டிக்கெட் பரிசோதகரைப் பார்த்ததும் எடுப்பார்கள் என்பதால் தள்ளி நின்றுதான் எடுக்க வேண்டும் என்றார்கள். அடுத்து, மெஷின் திரையிலேயே க்யூஆர் கோடு. தினமும் அலுவலகம் போகிறவர்களுக்கு இவையெல்லாம் உண்மையிலேயே பெரிய வசதி. நானும் மாதா மாதம் சீசன் டிக்கெட்டைப் போனில்தான் எடுத்தேன். வசதி வந்ததில் எனக்கு வருத்தமில்லை. அதோடு சேர்த்து ஜன்னலைச் சாத்தியதுதான் வருத்தம்.

எங்கள் நிலையத்துக்கு இரண்டு பக்கமும் வாசல் உண்டு. மார்க்கெட் பக்க வாசலில் இருந்த கவுண்டரை மூடிவிட்டு மெஷின்களை வைத்திருக்கிறார்கள். காசு வாங்கும் கவுண்டர் இப்போது மறுபக்கம், நடைமேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். ஒரு விடியற்காலை நான் மெஷின் முன் நின்றபோது, காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகும் ஒரு அம்மா பக்கத்தில் வந்து நின்றார். இடுப்பில் வெறும் அன்னக்கூடை, தோளில் சும்மாட்டுத் துணி. கையில் ஒரு பத்து ரூபாய்த் தாள், நன்றாக மடித்து. மெஷினை மேலும் கீழும் பார்த்தார். பக்கவாட்டில் தடவிப் பார்த்தார்.

“இன்னா மெஷினும்மா இது, காசு போட ஓட்டையே வெக்கல?”

“இதுல காசு போட முடியாதும்மா. போன்லதான் கட்டணும்.”

“அப்ப நீயே எனக்கும் ஒண்ணு எடுத்துக் குடும்மா. இந்தா காசு.”

எடுக்கப் பார்த்தேன். திரையில் கட்டம் கட்டமாக க்யூஆர் வந்தது. போனைக் காட்டினேன், ரகசிய எண்ணைப் போட்டேன், வட்டம் சுற்றியது. வங்கியிலிருந்து பணம் எடுக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்துவிட்டது. மெஷினோ நேரம் முடிந்துவிட்டதாகக் காட்டி முதல் பக்கத்துக்குத் திரும்பிவிட்டது. பணம் போனது, டிக்கெட் வரவில்லை. சில நாளில் கணக்குக்குத் திரும்பிவிடும் என்பது எனக்குத் தெரியும். அந்த அம்மாவுக்கு அது எப்படிப் புரியும்? “எங்காசு போச்சா?” என்று பதறினார். “உங்க காசு உங்க கையிலதான் இருக்கும்மா” என்றேன். அப்போதும் அவர் முகம் தெளியவில்லை. ரயில் வரும் அறிவிப்பு கேட்டது. அவர் படியைப் பார்த்தார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்கினார். டிக்கெட்டோடு அவர் இறங்கி வருவதற்குள் அந்த ரயில் போய்விட்டது. காசிமேட்டு ஏலத்தில் முந்தி நிற்பவருக்குத்தான் நல்ல மீன். ஒரு ரயில் தவறினால் அவருக்கு அன்றைய வியாபாரமே கைமாறும்.

டிக்கெட் இல்லாமல் ஏறியிருக்கலாமே என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். புறநகர் ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். “மெஷின் காசு வாங்கலை” என்பது பரிசோதகரிடம் எடுபடாது. கையில் பணத்தோடு, கட்ட மனதோடு வந்தவரைக் குற்றவாளி ஆக்குகிற ஏற்பாடு இது. அந்தத் தாளில் பத்து ரூபாய் என்று தமிழிலும் அச்சிட்டிருக்கிறது. ரிசர்வ் வங்கிச் சட்டப்படி இந்தியாவில் எந்த இடத்திலும் அது செல்லும். பத்து ரூபாய் நாணயத்தைக் கடைக்காரர்களும் கண்டக்டர்களும் தமிழ்நாட்டில் வாங்க மறுத்தபோது, எல்லா வடிவ நாணயமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. டீக்கடைக்காரருக்குச் சொன்ன அந்த நியாயம் நிலைய வாசலுக்கும் பொருந்த வேண்டும் அல்லவா?

ரயில்வே இதைப் பாதி உணர்ந்துதான் இருக்கிறது. பல நிலையங்களில் மெஷின் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவருடைய கார்டு மெஷின் மேலேயே இருக்கும். நாம் காசு கொடுத்தால் ஊர்ப் பெயரைக் கேட்டு, கண் இமைக்கும் நேரத்தில் நாலைந்து இடத்தில் தொட்டு டிக்கெட்டை உருவிக் கொடுப்பார். சில்லறையை மடிமேல் ஒரு டப்பாவில் வைத்திருப்பார். அவருக்குக் கிடைப்பது சிறு கமிஷன். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நிம்மதியாக இருக்கும். படிக்காதவர், கண் தெரியாதவர், போன் சார்ஜ் தீர்ந்தவர் என்று யாரையும் திருப்பி அனுப்பாமல் ரயிலேற்றுகிறவர் அவர். ஆனால் எங்கள் மார்க்கெட் வாசலில், முதல் ரயில் நேரத்தில், அவர் இல்லை. மீன்காரர்களும் கீரைக்காரர்களும் வேலைக்குப் போகும் துப்புரவுப் பணியாளர்களும் வரும் நேரம் அதுதான்.

நோட்டும் நாணயமும் வாங்குகிற டிக்கெட் மெஷினை ரயில்வே இதற்கு முன்பே, 2010களின் நடுவில், அறிமுகப்படுத்தியது. ஆகவே இது முடியாத காரியம் இல்லை. பராமரிப்பு கடினம், நோட்டு சிக்கிக்கொள்ளும் என்பார்கள். சரி, அப்படியானால் ஆளை உட்கார வையுங்கள். முதல் ரயிலிலிருந்து வெயில் ஏறும்வரை, ஒரு வாசலுக்கு ஒரு ஜன்னல், அதில் காசு வாங்க ஒருவர். அவ்வளவுதான் கேட்கிறோம்.

இதை எழுதி, மார்க்கெட்டில் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி, நிலைய அதிகாரியிடம் கொடுத்தோம். மேலே அனுப்புவதாகச் சொன்னார். மனுவின் நகலில் முத்திரை போட்டு வாங்கி வைத்திருக்கிறேன். பதில் வராவிட்டால் அடுத்தது கோட்ட அலுவலகம். மீன்காரம்மாவும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார், வியாபாரம் முடிந்த பிறகு என்றால்.