ஊரையே வாழவைக்கும் கல்லூரிகள்

ஹைதராபாத்தின் தனியார் பொறியியல் கல்லூரிகளைத் திட்டுகிறவர்கள் நன்றி கெட்டவர்கள். இப்ராஹிம்பட்டினம், கட்கேசர், மைசம்மகூடா என்று நகரைச் சுற்றி அவை மட்டும் முளைக்காமல் போயிருந்தால் எத்தனை பேர் பிழைப்பில் மண் விழுந்திருக்கும்!

முதலில் கல்லூரிக்காரர்களின் அடக்கத்தைச் சொல்ல வேண்டும். சீட்டுக்கு நன்கொடை வாங்கக் கூடாது என்று ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசம் 1983-லேயே சட்டம் போட்டது. 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. சட்டத்துக்கு இவ்வளவு மரியாதை உள்ள ஊர் வேறு இல்லை. மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்காகப் பல லட்சம் கைமாறினாலும் ரசீது என்று ஒரு துண்டுக் காகிதம் வெளியே வராது. வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்பார்கள். இங்கே வாங்குவதுகூடத் தெரிவதில்லை.

அடுத்தது அக்கறை. 2022 தெலங்கானா அரசாணை நிர்ணயித்த ஆண்டுக் கட்டணத்தின் உச்சம் 1.60 லட்சம், அடிமட்டம் 45,000. நுழைவுத் தேர்வில் பத்தாயிரம் ரேங்க்குக்கு அப்பால் போன பிற்படுத்தப்பட்ட மாணவருக்கு அரசு தரும் கட்டண ரீயிம்பர்ஸ்மென்ட் 35,000. மிச்சத்தைக் கட்டும் பெருமை பெற்றோருக்கு. அந்த 35,000 ரூபாயையும் அரசு வருடக்கணக்கில் பாக்கி வைக்க, 2025 நவம்பரில் தெலங்கானா தனியார் கல்லூரிகள் கதவை மூடிப் போராடின. மாணவனிடம் மட்டும் யாரும் போராடுவதில்லை. அதற்குத் தேவையே இல்லை, அவனுடைய ஒரிஜினல் சர்டிபிகேட் ஆபீஸ் பீரோவில் இருக்கிறது. வேலைக்குச் சேர வேண்டும் என்று கவுன்ட்டரில் வந்து நிற்பவனிடம் கிளார்க் எவ்வளவு கனிவாகப் பேசுகிறார்: “ரீயிம்பர்ஸ்மென்ட் வரலை பாபு. இப்போ நீ கட்டிட்டு எடுத்துட்டுப் போ, கவர்ன்மென்ட் போட்டதும் திருப்பித் தர்றோம்.” பெற்ற தாய்கூடப் பிள்ளையின் சான்றிதழை இவ்வளவு பத்திரமாக வைத்துக்கொள்ள மாட்டாள்.

வங்கிகளை வாழவைப்பதும் இவர்கள்தான். 7.5 லட்சம் வரை பிணை கேட்காமல் கல்விக் கடன் கிடைக்கிறது. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டாம். வட்டி மட்டும் லீவு எடுக்காது. சேர்ந்துவிட்ட அந்த வட்டியை விட்டுவிட்டே கணக்குப் போட்டாலும், 7.5 லட்சத்துக்கு 10 சதவிகித வட்டியில் பத்தாண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 9,900 ரூபாய்.

சம்பளம்? பெரிய ஐ.டி. கம்பெனிகள் புதிதாகச் சேருபவருக்கு ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டிய தொகையைப் பத்தாண்டுக்கும் மேலாகக் கட்டிக் காத்து வருகின்றன. 2023-இல் விப்ரோ ஒரு படி மேலே போய், 6.5 லட்சம் தருவதாகச் சொல்லியிருந்தவர்களிடம் 3.5 லட்சத்துக்கு வரச் சம்மதமா என்று கேட்டது. மாதம் 29,000. பி.எஃப். பிடித்து, தவணை கட்டி, பி.ஜி. வாடகையும் கொடுத்த பிறகு கையில் மிஞ்சுவதை எண்ணிப் பார்க்க இன்ஜினியரிங் கணிதம் தேவையில்லை. மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடே போதும்.

அந்த வேலையும் கிடைக்காதவனுக்குக் கோச்சிங் சென்டர்களின் பேட்டையான அமீர்பேட்டை இருக்கிறது. மைத்ரிவனம் பக்கம் போனால் ஜாவா, பைத்தான், டெஸ்டிங் என்று சுவர் தெரியாமல் போர்டுகள். நான்கு வருடத்தில் கல்லூரியே அதையெல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தால் அந்தப் பேட்டையே ஈயோட்டியிருக்கும். அடுத்தவன் பிழைப்பைக் கெடுக்கக் கூடாது என்று எத்தனை பெருந்தன்மையோடு பாடத்தை நடத்தாமல் விட்டிருக்கிறார்கள்! பிளெக்ஸ் அடிப்பவரையும் மறக்கவில்லை. அட்மிஷன் சீசனில் ஊரெங்கும் ஒரே மாணவரின் முகம், பக்கத்தில் அவருடைய பேக்கேஜ். மற்றவர்களின் சம்பளத்தைப் போடாதது அவர்கள் மனம் புண்படக் கூடாது என்பதற்காகத்தான் இருக்க வேண்டும்.

ஆக வங்கி, கோச்சிங் சென்டர், பி.ஜி., பிளெக்ஸ் கடை என்று எல்லோரும் வாழ்கிறார்கள். மாணவன் ஒருவன்தான் பாக்கி. அவன் முறையும் கடன் அடைந்த பிறகு, முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயதில் வரும்.

பெற்றோரே, இந்தப் புண்ணியவான்களை வாய் நிறைய வாழ்த்துங்கள். பணம் கட்டுவதற்கு முன் மட்டும், கடந்த ஆண்டு வகுப்பில் நடுவாந்தரமாகப் படித்த பையன் இன்று என்ன சம்பளம் வாங்குகிறான் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராவிட்டால் அதுவே பதில்.