அறுநூறு யூரோ நண்பர்

விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பினால் முகம் வாடிப்போகிறவரை உங்களுக்கும் தெரியும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அவர் பெருமூச்சைக் கேட்டிருப்பீர்கள். வெளிநாட்டுப் பயணத்தில் இவருக்கு வேறு பழக்கங்களும் உண்டு. கிரெடிட் கார்டை இரண்டு ரூபாய்க்குத் தேய்த்துவிட்டு லவுஞ்சில் காலை டிபனையும் மத்தியானச் சாப்பாட்டையும் ஒரே மூச்சில் முடிப்பார். விமானத்தில் தரும் காலுறையை, போட்டுக்கொள்ளாதவர்களிடமும் கேட்டு வாங்கிக்கொள்வார். ஹோட்டல் ஷாம்புவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இதெல்லாம் சில்லறை. அவருடைய லட்சியம் தாமதம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 261/2004 என்றொரு விதி 2005 பிப்ரவரியிலிருந்து அமலில் இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து புறப்படும் எந்த விமானமும், ஐரோப்பாவுக்குப் போகும் ஐரோப்பியக் கம்பெனி விமானமும் இதில் அடக்கம். கம்பெனியின் கோளாறால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், பயணிக்குத் தூரத்தைப் பொறுத்து 250, 400 அல்லது 600 யூரோ தர வேண்டும். 3,500 கிலோமீட்டரைத் தாண்டினால் 600. பாரிசிலிருந்து சென்னை தாராளமாகத் தாண்டும். அப்படி ஒருவரான என் புதுச்சேரி லாஸ்பேட்டை நண்பர் இந்த விதியை அச்செடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பாஸ்போர்ட்டுக்கு மேலே வைத்திருக்கிறார்.

அவருடையது பிரெஞ்சு பாஸ்போர்ட். 1962 ஆகஸ்டில் புதுச்சேரி இணைப்பு ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அவர் தாத்தா எழுதிக் கொடுத்தார். “கேட்டாரு, குடுத்தாங்க. கேக்காதவங்க வீட்டுப் பசங்க இன்னிக்கும் விசாவுக்கு நிக்கிறாங்க” என்று என்னைப் பார்த்தே சொல்வார். ஷார்ல் தெகோல் விமான நிலையத்தில் நான் நீள வரிசையில் நின்று ஊர்ந்து வரும்போது, அந்தப் பக்கம் அவர் இலவச மேப்புகளை அள்ளி முடித்திருப்பார். ஆனால் 261 பாஸ்போர்ட் பார்ப்பதில்லை. “உனக்கும் உண்டு, கவலைப்படாதே” என்று பெரிய மனசு பண்ணிச் சொல்வார்.

டிக்கெட் போடுவதிலேயே அவர் வேலை தொடங்கிவிடும். வளைகுடா வழியாகப் போனால் மலிவு என்றால் காதில் வாங்க மாட்டார். போகிற பக்கம் அந்தக் கம்பெனிக்கு விதி பொருந்தாது. ஒரே டிக்கெட்டில், நடுவில் இறங்கி வேறு விமானம் மாறுகிற மாதிரி வேண்டும், அந்த இடைவெளி நெருக்கமாகவும் இருக்க வேண்டும். “ஐம்பத்தஞ்சு நிமிஷம்தான். ஓடினாலும் பிடிக்க முடியாது” என்பார், பெண்ணுக்கு நல்ல வரன் அமைந்துவிட்ட பூரிப்போடு.

கோளாறுகளிலும் அவருக்குத் தரம் உண்டு. பனி கொட்டினால் கோபம் வரும். வானிலை என்றால் ‘அசாதாரணச் சூழ்நிலை’, காசு கிடையாது. பறவை மோதினாலும் அதேதான். பறவைக்காக ஒரு நிமிடம் வருந்துவார், 600 யூரோவுக்காக மீதி நேரம். வேலைநிறுத்தம் என்று அறிவித்தால் துள்ளி எழுந்து, யார் நிறுத்தம் என்று விசாரிப்பார். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஊழியர்கள் என்றால் உட்கார்ந்துவிடுவார். கம்பெனியின் சொந்த ஊழியர்கள் சம்பள உயர்வு கேட்கிறார்கள் என்றால் “நியாயமான கோரிக்கை” என்பார். அவருக்கு மிகப் பிடித்தது இயந்திரக் கோளாறு. முப்பதாயிரம் அடி உயரத்தில் தானும் பறக்கப்போகும் இயந்திரம் பழுதாகட்டும் என்று வேண்டிக்கொள்ளும் பக்தரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஒருமுறை வேண்டுதல் பலித்தது. திரும்பும் வழியில், பாரிசில், எல்லோரும் ஏறி பெல்ட் போட்ட பிறகு ஹைட்ராலிக்கில் ஏதோ கோளாறு என்று இறக்கிவிட்டார்கள். குழந்தைகள் அழுதன; பெரியவர்கள் கவுன்டரில் கத்தினார்கள். நண்பர் அறிவிப்புப் பலகையில் எங்கள் விமானத்துக்கு நேரே சிவப்பு எழுத்து வந்ததைப் படம் எடுத்துக்கொண்டார். நான் பசியில் புலம்ப, சாப்பாட்டுக் கூப்பனோடு வந்தார். அதுவும் விதியில் இருக்கிறதாம்.

ஒரு வழியாகக் கிளம்பி மீனம்பாக்கத்தில் இறங்கும்போது தாமதம் மூன்று மணி ஐம்பது நிமிடம். நண்பர் இடிந்துபோனார். இவ்வளவு தூரத்துக்கு நாலு மணிக்குள் வந்துவிட்டால் தொகையைப் பாதியாக வெட்டலாம் என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. “பைலட் ஏன்பா இப்படி விரட்டி ஓட்டினான்?” என்றார். அப்புறம் அவருக்கே வெளிச்சம் வந்தது. வந்து சேர்ந்த நேரம் என்பது சக்கரம் தரையைத் தொட்ட நேரமல்ல, கதவு திறக்கிற நேரம், 2014 தீர்ப்பு. எல்லோரும் பையை இறக்கிக்கொண்டு கதவையே பார்க்க, இவரும் பார்த்தார், திறக்கக் கூடாது என்று. பாலம் வந்து பொருந்தவில்லை. பின்னால் போனது, மறுபடி வந்தது. வியர்வையில் நனைந்த கூட்டத்தில் ஒருவர் முகம் மட்டும் விடிந்துகொண்டே இருந்தது. தாமதம் நாலு மணி இரண்டு நிமிடம் ஆனபோது கதவு திறந்தது. கைக்கடிகாரத்தையும் கதவையும் ஒரே படத்தில் எடுத்தார்.

அந்த இரவில் அவர் செய்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிரெஞ்சும் ஆங்கிலமும் தெரியாத விழுப்புரம் பக்கத்துப் பாட்டி ஒருவர் மூலையில் உட்கார்ந்திருந்தார். மகள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிறவர். அவருக்குக் கூப்பன் வாங்கிக் கொடுத்து, வெந்நீர் கேட்டு வாங்கி, போர்டிங் அட்டையைப் படமெடுத்து, பின்னால் அவர் பேரிலும் மனு போட்டு, கம்பெனி நீட்டிய வவுச்சரை மறுத்து, மாதக்கணக்கில் மெயில் அனுப்பிப் பணமாகவே வாங்கிக் கொடுத்தார். எனக்கும் அப்படித்தான் வந்தது. கமிஷன் கேட்கவில்லை.

இருந்தாலும் என் குறை அப்படியே இருக்கிறது. ஐரோப்பா போனேன் என்று பெயர். ஓர்சே அருங்காட்சியகம் மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம் என்று வேறெந்த நாளும் அதன் பக்கம் விடவில்லை. அந்த ஞாயிறு வருவதற்குள் விசா முடிந்தது. செய்ன் நதியில் படகு காசு கேட்கும், அதனால் பாலத்திலிருந்து பார்த்தேன். காசு கொடுத்தாவது ஒரு பொருளை நிம்மதியாகப் பார்க்க ஆசைப்படுகிறவனும் மனிதன்தானே? அவர் வாங்கித் தந்த யூரோவை அந்த ஊரிலேயே, அவர் இல்லாமல், செலவழிக்க வேண்டும்.

லாஸ்பேட்டையிலேயே விமான நிலையம் இருக்கிறது. 2024 டிசம்பரிலிருந்து மறுபடியும் ஹைதராபாத்துக்கும் பெங்களூருக்கும் சின்ன விமானம் போகிறது. நண்பர் அண்ணாந்துகூடப் பார்ப்பதில்லை. நம் நாட்டு விதியில் தாமதத்துக்குத் தீனிதான், காசில்லை. அது லேட்டானால் “வீணாப் போன லேட்டு” என்பார்.

போன வாரம் அவர் வீட்டில் இருந்தேன். ஒரு மணிக்குச் சாப்பிட வருவதாகச் சொல்லிப் போன மனிதர் சாயங்காலம் வந்து சேர்ந்தார். அவர் மனைவி கதவைத் திறந்து, கடிகாரத்தைப் பார்த்தார்.

“அஞ்சு பத்து. நாலு மணி நேரம் தாண்டியாச்சு. முழுத் தொகை.”

“கொக்கு பார்க் சிக்னல்ல டிராஃபிக் மா. அசாதாரணச் சூழ்நிலை.”

“கொக்கு பார்க்குல டிராஃபிக் இருந்தா அது அசாதாரணமா?”

நண்பர் பிளாஸ்டிக் உறையைத் தேடினார்.