கரிசல் காட்டில் படகு மீட்டர்
கோவில்பட்டியில் படகு விட முதலில் கண்மாயில் தண்ணீர் வேண்டும். ஆனாலும் படகுக்காரர்களின் பேட்டரி மானிட்டர் இங்கே இன்வெர்ட்டருக்கு மேலே சுவரேறிவிட்டது. மாட்டுவது எளிது: பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மின்சாரத்தை அளக்கும் ஷன்ட், மற்ற நெகட்டிவ் வயரெல்லாம் அதன் மறுபக்கம். ஒரு வயரை நேரே முனையில் கோர்த்தாலும் அந்த மின்சாரம் கணக்கிலேயே வராது, தேர்தல் செலவு மாதிரி.

அடுத்து மீட்டர் பேட்டரியின் கொள்ளளவைக் கேட்கும். வீட்டுக்கார அண்ணாச்சி கூசாமல் 150 ஆம்பியர்-அவர் என்று பதிகிறார். அது புதுப் பேட்டரியை 20 மணி நேரம் நிதானமாக இறக்கினால் கிடைப்பது. டிஸ்டில்டு வாட்டர் காணாத கிழட்டுப் பேட்டரிக்கும் அதே 150! மீட்டர் பாவம், சொன்னதை நம்புகிறது.

கரண்ட் போன இரவில் திரையில் 60 சதவீதம்.

“அறுபது இருக்குல்லா, பெறவு ஃபேன் ஏம்ல நிக்கி?” என்று மகன்மேல் பாய்கிறார் அண்ணாச்சி.