கொலிங்வூட் பிளேஸ் மாமி: ஓர் ஆங்கிலக் குடும்பப் பெயரின் தோற்றம், பொருள், பெருக்கம் பற்றிய ஆராய்ச்சி

ஒரு குடும்பப் பெயரின் செல்வாக்கை அளக்க மேனாட்டு அறிஞர்கள் கைக்கொள்ளும் முறை மிக எளிது. சனத்தொகைப் பதிவேட்டைத் திறப்பார்கள், அந்தப் பெயரை உடையவர்களை எண்ணுவார்கள், கணக்கு முடிந்தது. அதன்படி இங்கிலாந்தில் ஸ்மித் முதலிடத்தில் நிற்கிறது, கொலிங்வூட் எங்கோ பின்னால் நிற்கிறது. இம்முறை அடியோடு பிழையானது. பெயர் என்பது சொல்வதற்கு உரியது. ஆகவே அதை உடையவரை விட்டுவிட்டு, அதைச் சொல்பவரையே எண்ணவேண்டும். காலி வீதியில் ஓட்டோவை மறித்து "கொலிங்வூட் பிளேஸ் போக எவ்வளவு?" என்று கேட்பவர், இடியப்பப் பார்சலோடு வந்து வழி தெரியாமல் நிற்கும் பையனுக்குத் தொலைபேசியில் திசை சொல்பவர், கலியாணக் கார்டின் உறையில் முகவரி எழுதுபவர் எல்லோரையும் கணக்கில் சேர்த்தால் முடிவு தலைகீழாகும். ஆங்கிலக் குடும்பப் பெயர் தன் முழுப் பக்குவத்தை எய்தியது இங்கிலாந்தில் அன்று, கொழும்பு 6இல் உள்ள வெள்ளவத்தையில் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

முதலில் தோற்றமும் பொருளும். ஆங்கிலேயருக்கும் ஆதியில் குடும்பப் பெயர் கிடையாது. 1066இல் நோர்மானியர் வந்து சேர்ந்த பின்னர் மெல்லமெல்லத்தான் அது வேர்விட்டது. அப்போதும் அவர்களிற் பலர் புதிதாக எதையும் யோசிக்கவில்லை. இருந்த இடத்தின் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். கொலிங்வூட் அந்த வகையைச் சேர்ந்தது. ஸ்ரபோட்சயரில் உள்ள ஓர் இடத்திலிருந்து பிறந்த இப்பெயருக்கு, உரிமை பற்றிப் பிணக்கு இருந்த காடு என்பது பொருள். அதாவது, காணி வழக்கில் கிடந்த காடு. கொழும்பில் மாடிவீடு வாங்குமுன் உறுதியை மூன்று சட்டத்தரணிகளிடம் காட்டும் சமூகத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வாய்த்திருக்க முடியாது. இப்பெயரை உலகறியச் செய்தவர் 1805இல் டிரபல்கார் கடற்சமரில் நெல்சனுக்கு அடுத்த நிலையில் நின்ற அட்மிரல் கத்பேட் கொலிங்வூட். நெல்சன் விழுந்த பின் தலைமை ஏற்றவரும் அவரே. இருவர் பெயரையும் வெள்ளவத்தை வைத்திருக்கிறது. நெல்சன் பிளேசும் அங்கேயே உண்டு. கப்பல் கட்ட மரம் வேண்டுமே என்று, கரையில் இருந்த நாட்களில் ஓக் மரத்துக் கொட்டைகளைச் சட்டைப்பையில் கொண்டு திரிந்து கண்ட இடமெல்லாம் ஊன்றியவர் அட்மிரல். அவர் பெயர் தாங்கும் ஒழுங்கையில் ஓக் முளைக்காது. அங்கே முளைப்பவை மாடிவீடுகள்.

இனி இப்பெயர் தமிழரிடம் வந்து சேர்ந்த முறை. ஆங்கிலேயர் குடும்பப் பெயரைப் பின்னால் வைப்பர். தமிழர் முன்னால் வைப்பது ஊரை. வட்டுக்கோட்டை செமினரி முதலிய அமெரிக்க மிஷன் பள்ளிகளில், மாணவன் ஒருவனின் செலவைப் பொறுப்பேற்ற கொடையாளரின் பெயரை அவனுக்குச் சூட்டும் வழக்கம் இருந்தது. அப்படி வந்த அந்நியப் பெயர்களை யாழ்ப்பாணம் என்ன செய்தது? 1886இல் பாவலர் சரித்திர தீபகம் வெளியிட்டவர் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளில் ஒருவரானவர் கரோல் விசுவநாதபிள்ளை. ஆர்னல்டும் கரோலும் ஊர்ப்பெயர் இருக்கவேண்டிய முன்னிடத்தில் போய் உட்கார்ந்திருப்பதைக் கவனிக்க. சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை என்பதும் கரோல் விசுவநாதபிள்ளை என்பதும் தமிழ்க் காதுக்கு ஒரே இலக்கணம். அந்நியக் குடும்பப் பெயர் எதைக் கண்டாலும் தமிழன் அதை ஒரு ஊராகவே பாவித்திருக்கிறான் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டியதில்லை. "கொலிங்வூட் பிளேஸ் மாமி", "பிரான்சிஸ் றோட் சித்தப்பா", "ஹம்டன் லேன் ரீச்சர்" என்பவை அந்த மரபின் நேர் வாரிசுகள். இடம் ஆளாகி, ஆள் ஒழுங்கையாகி, ஒழுங்கை மறுபடி ஆளாகும் இந்த முழுச் சுற்றை இங்கிலாந்து பாதி வழியிலேயே விட்டுவிட்டது.

முகவரி வேறு, குடும்பப் பெயர் வேறு என்று இங்கே ஒரு தடை எழும். வரலாறு அதை ஏற்காது. இங்கிலாந்தில் குடும்பப் பெயர்கள் இறுகியதற்குப் பதிவேடுகளும் ஒரு காரணம். 1377க்கும் 1381க்கும் இடையில் மூன்று முறை தலைவரி அறவிட்ட அரசுக்கு எந்த ஜோன் என்று தெரியவேண்டியிருந்தது. வெள்ளவத்தையிலும் அரசு அதே கேள்வியைத்தான் கேட்டது. யுத்த காலத்தில் பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாத தமிழர் வீடு இல்லை, சோதனைச் சாவடியில் பெயருக்கு அடுத்து வந்த வினா "எங்கே தங்கியிருக்கிறீர்?" என்பது. தங்கியிருக்கத் தக்க காரணம் இல்லை என்று சொல்லப்பட்ட லொட்ஜ்வாசிகள் 2007 ஜூன் 7ஆம் திகதி பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. தந்தை பெயரைவிட ஒழுங்கையின் பெயர் ஒருவரைக் காக்குமானால், இரண்டில் எது குடும்பப் பெயர் என்பதை வாசகரே தீர்மானிக்கட்டும்.

இதெல்லாம் வெறும் ஆங்கில மோகம் என்பது இரண்டாவது தடை. மோகமாயின் முப்பத்தேழாம் லேன், நாற்பத்திரண்டாம் லேன் என எண் மட்டுமே உடைய ஒழுங்கைகளின் குடிகளுக்கு அடைமொழி இல்லாமற் போயிருக்கவேண்டும். அப்படிப் போகவில்லை; "முப்பத்தேழாம் லேன் சேர்" தலை நிமிர்ந்தே நடக்கிறார். சிங்களப் பெயருக்கும் அதே மரியாதைதான். ஹை ஸ்ட்ரீட்டை நாவலாசிரியர் டபிள்யூ. ஏ. சில்வாவின் பெயரால் மாவத்தையாக்கினார்கள். தமிழர் இரண்டையும் ஆளுவர். சில்வா என்பதற்கும் இலத்தீனில் காடு என்றே பொருள் என்பதைக் கருதினால், ஊர் தன் கொள்கையிலிருந்து சிறிதும் வழுவவில்லை.

மூன்றாவது தடை கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிறது, இதுவே கனமானது. பிக்கரிங்ஸ் றோட்டும் மேபீல்ட் றோட்டும் அங்கே உண்டு. இரண்டும் ஆங்கில ஊர்ப்பெயர் வழிவந்தவை. எனினும் "பிக்கரிங்ஸ் றோட் மாமி" வெள்ளவத்தை மாமியளவு ஓங்கவில்லையே, ஏன்? கொட்டாஞ்சேனையாருக்கு அந்தத் தேவை இல்லை. கொழும்புச் செட்டிகளுக்குக் காசிச்செட்டி, கண்டப்பா போன்ற பெயர்கள் தலைமுறையாக வருகின்றன. பரதருக்குப் போர்த்துக்கேயர் காலத்திலிருந்து பெர்னாண்டோ உண்டு. பின்னால் ஒரு பெயர் இருக்கையில் முன்னால் இன்னொன்றைச் சுமப்பானேன்? இடம் சொல்ல வேண்டி வந்தால் கொச்சிக்கடை அந்தோனியாரோ சென் லூசியா பேராலயமோ கைகொடுக்கும். ஆகவே கொட்டாஞ்சேனை இக்கொள்கையை மறுக்கவில்லை. குடும்பப் பெயர் இல்லாத இடத்திலேயே ஒழுங்கை குடும்பப் பெயராகும் என்று அதற்கு எல்லை வகுத்துத் தருகிறது. மெல்பேணில் கொலிங்வூட் என்றொரு புறநகரும் 1892இல் தொடங்கிய காற்பந்துக் கழகமும் இருக்கின்றனவே என்பார்க்கும் ஒரு வரி: அங்கே ஆயிரமாயிரம் பேர் அப்பெயரைக் கூவலாம், கூவுவது வேறு, கூப்பிடுவது வேறு.

எஞ்சியிருப்பது ஒன்று. வீடு மாறினால் மாறிவிடும் பெயர் எப்படிப் பரம்பரைப் பெயராகும்? இதற்கு அட்மிரலின் குடும்பமே மறுமொழி. சமருக்குப் பின் அவருக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தது. இருந்த பிள்ளைகள் இருவரும் பெண்கள். பட்டம் பெண்வழி இறங்கவேண்டும் என்று அவர் விரும்பியும் கைகூடவில்லை. 1810இல் அவர் கடலிலேயே கண்மூட, பட்டமும் அன்றே அற்றுப்போயிற்று. வெள்ளவத்தையிலோ மாடிவீடு பெரும்பாலும் மகளுக்கே சீதனமாக எழுதப்படுகிறது. உறுதி கைமாறும்போது ஒழுங்கையின் பெயரும் அவளோடு போகிறது, மருமகன் அந்தப் பெயருக்குள் வந்து குடியேறுகிறார். தாய்வழிச் சொத்து மகளுக்கே சீதனமாகும் என்னும் முறையை 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த யாழ்ப்பாணத் தேசவழமைச் சட்டம் எழுத்தில் வைத்துவிட்டது. அட்மிரலின் வழக்கறிஞர்கள் அதை ஒருமுறை புரட்டியிருந்தால், இரண்டு பெண்களைப் பெற்ற மனிதருக்கு வாரிசு இல்லை என்று எழுதியிருக்கமாட்டார்கள்.