தோட்டத்துப் பூனையும் தகுந்த வைத்தியரும்: ஓர் ஆராய்ச்சி

ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் பூனைக்கு வைத்தியர் கிடைப்பதில்லை என்பது பொதுவான நம்பிக்கை. இவ்வாராய்ச்சி அதை முற்றாக மறுக்கிறது. பூனை சோற்றைத் தொடாமல் அடுப்படியில் சுருண்டு கிடக்கிறது என்ற செய்தி பரவினால் போதும், அரை மணி நேரத்தில் இஸ்தோப்பு நிறைய வைத்தியர்கள். "வயித்துல பூச்சி" என்பார் ஒருவர். "வெளக்கெண்ண ஊத்துங்க" என்பார் மேட்டு லயத்து ஆச்சி. கண்ணூறு என்பது மூன்றாமவர் முடிபு. நாலாமவர் வாய் திறக்காமல் சட்டைப்பையிலிருந்து பனடோலை எடுப்பார். ஆபத்தானவர் இவரே.

பனடோலைப் பற்றிச் சற்று விரித்தே சொல்லவேண்டும். தலையிடி, முதுகுவலி, காலையில் பெரட்டுக்குப் போக மனமில்லாமை என எல்லாவற்றுக்கும் தோட்டத்தில் அதுவே மருந்து. பூனையின் ஈரலுக்கோ அதை முறிக்கும் நொதியம் போதாது. பனடோலிலுள்ள பரசிட்டமோல் உள்ளே போனால் இரத்தத்தைக் கபில நிறமாக்கிப் பிராணவாயுவைச் சுமக்கவிடாமல் செய்யும். ஈறு நீலம் பாரிக்கும், மூஞ்சியும் பாதமும் வீங்கும். 500 மில்லிகிராம் வில்லை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். இதனால் பெறப்படும் விதி: பூனையின் நிறையைக் கேட்காமல் மருந்து சொல்பவர் எத்தனை பட்டம் பெற்றிருந்தாலும் வைத்தியராகார்.

நிறை பார்க்கத் தோட்டத்தில் கருவிக்குப் பஞ்சமில்லை. கொழுந்துத் தராசு இருக்கிறது. ஆனால் ஒரு முறையியற் சிக்கல். சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கிலோக் கணக்கில் கழித்தே பழகிய தராசு அது. நாலு கிலோக் கடுவன் ஏறி இறங்கினால் இரண்டு கிலோக் குட்டியாகிவிடும். மழை நாளென்றால் பூனையே மிஞ்சாது.

இனிப் படித்த வைத்தியர்கள். 1956ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு பெற்றவர்கள் மலையகத்திலும் இருக்கிறார்கள். அரச கால்நடை வைத்திய அலுவலகங்களும் இருக்கின்றன. அவர்களைக் குறை சொல்ல நாம் துணியோம். அவர்கள் பொழுது மாட்டோடு போகிறது: சினையூசி, கன்று, மடிவீக்கம். அம்பேவலைப் பண்ணை இருக்கும் சீமையல்லவா! மாட்டின் பாலை லீற்றரில் அளந்து மாதக் கடைசியில் காசாக்கலாம். பூனை தருவது எலி இல்லாமை. இல்லாமையை நிறுக்கும் தராசு எவரிடமும் கிடையாது. (மேற்படி கொழுந்துத் தராசு ஓரளவு கிட்ட வருகிறது.)

அதற்காகப் பூனைக் குலம் முழுவதும் அநாதை என்று கொள்ளவும் முடியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்கில் மாட்டியபோது வனசீவராசிகள் திணைக்களம் ஓடி வந்தது. உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள், அது பிழைக்கவில்லை. நாடே வருந்தியது. ஒரு திணைக்களத்தின் கண்ணில் படப் பூனை கழிவு போக முப்பது கிலோவாவது தேறவேண்டும் போலும்.

சிறிய பூனைக்காரர் என்ன செய்வது? 2019இல் மொன்றியல் பல்கலைக்கழகத்தார் பூனையின் வலியை அதன் முகத்தில் படிக்கும் அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். காது, கண்ணின் இடுக்கம், மூஞ்சியின் இறுக்கம், மீசை, தலை நிற்கும் மட்டம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை புள்ளி. இதையே வைத்தியரின் முகத்துக்கும் வைத்துப் பார்க்கலாம் என்பது எமது முன்மொழிவு. கூடையைத் திறந்ததும் கண் இடுங்குகிறதா? தலை பின்னே போகிறதா? கை பூனையிடம் போகிறதா, ஊசியிடம் போகிறதா? மீசைப் புள்ளி பெண் வைத்தியர்களிடம் செல்லாது, அதை விட்டுவிடலாம். இவை எதிலும் தேறாதவர்கூட, "எனக்கு இது பிடிபடல்ல, பேராதனைக்குக் கொண்டுபோங்க" என்று சொல்லிவிட்டால் அவரை நம்பலாம். அப்படிச் சொல்லக்கூடியவரைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

பேராதனை என்றால் பல்கலைக்கழகத்து மிருக வைத்திய பீடம். அதன் போதனா வைத்தியசாலை. ஹட்டனில் ரயிலேறினால் வட்டவளை, நாவலப்பிட்டி, கம்பளை என்று கடதாசிப் பெட்டிக்குள்ளிருந்து ஓலம். ரயில் பெட்டியில் இருப்பவர் அத்தனை பேரும் வழியில் வைத்தியராகிவிடுவார்கள். அவர்களும் விளக்கெண்ணெய்க் கட்சி. கடுவன் முக்குவதைக் கண்டால் மலச்சிக்கல் என்பதே உலக வழக்கு. அடைபட்டிருப்பது பெரும்பாலும் மூத்திரம். கடுவனுக்கு அந்தக் குழாய் மிக ஒடுக்கம். முற்றாக அடைத்துக்கொண்டால் இரண்டு மூன்று நாளில் உயிர் போகும். ஆகவே விஷயம் தெரிந்த வைத்தியர் என்ன தின்றது என்று கேட்குமுன், கடைசியாக எப்போது மூத்திரம் போனது என்று கேட்பார்.

இந்தக் கேள்விக்கு ஆச்சிமாரிடம் ஒரே பதில்தான்: "அத யாரு கண்டா டாக்டர் ஐயா? அதுக்கு ஏழாம் நம்பர் மலையில்ல கக்கூசு!"