பதினொரு கிலோ மௌனம்

எங்கள் தெரு மளிகைக்கடையின் எலெக்ட்ரானிக் தராசில் ஒருநாள் என் சவுண்ட் பேக்கைத் தூக்கி வைத்தேன். 11 கிலோ 240 கிராம். அண்ணாச்சி எட்டிப் பார்த்து, “பொன்னியா சார், இட்லி அரிசியா?” என்றார். தோள்பட்டை வலிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு அப்போது என் சட்டைப்பையில் இருந்தது. அந்தப் பதினொரு கிலோவில் ஒழுங்காக வேலை செய்தது ஐந்து கிலோ இருக்கலாம். மிச்சம் முழுக்க என் பவுசு.

படப்பிடிப்பு நடக்கும் இடத்துக்கே போய் ஒலிப்பதிவு செய்வது என் பிழைப்பு. டாக்குமெண்டரி, பேட்டி, எப்போதாவது ஒரு குறும்படம். இந்தத் தொழிலுக்கு வயிற்றுக்கு முன்னால் ஒரு பை கட்டிக்கொள்ள வேண்டும். நடுவில் ரெக்கார்டர், பக்கத்தில் காலர் மைக்குகளின் ரிசீவர்கள், பின்னால் பேட்டரி, அந்தப் பேட்டரியின் கரண்டை எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுக்க ஒரு சின்னப் பெட்டி. இதை நேர்த்தியாக அடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நானோ அவர்களுடைய பேக்கைப் படத்தில் பார்த்து மயங்கியவன். எட்டு ட்ராக் ரெக்கார்டர் வாங்கினேன். எட்டு ஓட்டை இருந்தால் எட்டிலும் எதையாவது சொருக வேண்டும் என்பது என் கட்சி.

ஸ்டெஃபான் குடெல்ஸ்கி என்ற போலந்துக்காரர் 1951-இல் சுவிட்சர்லாந்தில் செய்த ரெக்கார்டருக்கு நாக்ரா என்று பெயர் வைத்தார். போலிஷ் மொழியில் அதற்கு ‘பதிவு செய்யும்’ என்று அர்த்தம். பின்னால் வந்த நாக்ராக்களில் பன்னிரண்டு டார்ச் செல், ஒன்றிரண்டு மைக், அவ்வளவுதான். உலக சினிமா பல வருஷம் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடியது. என் பேக்குக்கு யாராவது பெயர் வைத்தால் ‘பதிவு செய்தாலும் செய்யும்’ என்று வைக்கலாம்.

செட்டில் நான் கண்டிப்பான ஆள். “எல்லாரும் போனை ஏரோப்ளேன் மோடுல போடுங்க” என்று நான் போடும் சத்தத்தில் டைரக்டரே பாக்கெட்டைத் தடவுவார். ஆரணியில் ஒரு நெசவாளர் வீட்டில் பேட்டி. ஹெட்போனில் ‘டட்டட் டட்டட் டர்ர்ர்’ என்று ஒரு உறுமல். சிக்னல் மங்கிய இடத்தில் போன் 2ஜிக்கு இறங்கினால் வினாடிக்கு 217 தடவை விட்டுவிட்டு அலையை அனுப்பும். பக்கத்தில் கிடக்கும் மைக் கேபிள் அதை அப்படியே பாடிக் காட்டும். ஒவ்வொருவர் போனாக வாங்கி அணைத்தேன். நெசவாளரின் வயதான அம்மாவிடம் ஒரு பட்டன் போன் இருந்தது. சந்தேகம் தீராமல் அதன் பேட்டரியையே கழற்றினேன். உறுமல் நிற்கவில்லை. பூம் பிடிக்கும் தம்பிதான் தயங்கித் தயங்கி, “அண்ணே, உங்க பேக்கு அதிருதுண்ணே” என்றான். பேக்கின் பின் அறையில், மைக் கேபிளோடு ஒட்டி உறவாடிக்கொண்டிருந்தது என் போன். வீட்டிலிருந்து நான்கு மிஸ்டு கால். பாட்டியின் போனில் பேட்டரியைப் போட்டுக் கொடுத்தேன். மணி தப்பாகக் காட்டுகிறது என்றார். அதையும் சரிசெய்து கொடுத்துவிட்டுத்தான் அடுத்த டேக்.

காலர் மைக் அறுந்து அறுந்து கேட்ட கதையும் இதே மாதிரிதான். ரிசீவர் சரியில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். டைரக்டர் காதில் கேட்பதற்காக ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர் வைத்திருப்போம். அதை ரிசீவர்களின் மடியிலேயே உட்கார வைத்திருந்தேன். காது பக்கத்தில் ஒருவன் கூவிக்கொண்டிருந்தால் தூரத்தில் பேசுவது எப்படிக் கேட்கும்? டிரான்ஸ்மிட்டரை எடுத்து எதிர்ப்பக்கத் தோள்வாரில் மாட்டியதும் சரியாகிவிட்டது. நான் திட்டிய ரிசீவரிடம் யார் மன்னிப்புக் கேட்பது?

கும்பகோணத்தில் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீடு. அன்றைக்கு இரண்டு தப்பு. முதல் தப்பு ஃப்ரிட்ஜ். அதன் இரைச்சல் கேட்கக் கூடாது என்று பிளக்கைப் பிடுங்கினேன். இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு தந்திரம் உண்டு: வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும். சாவி இல்லாமல் கிளம்ப முடியாது. சாவியை எடுக்கும்போது பிளக் ஞாபகம் வரும். நானே பத்து பேருக்குச் சொல்லிக்கொடுத்த தந்திரம். அன்று சாவி என் பாக்கெட்டில். மறுநாள் காலை அந்த வீட்டு மாமியிடமிருந்து போன். “தம்பி, ஃப்ரிட்ஜை அணைச்சது நீங்கதானே? இட்லி மாவு புளிச்சுப் பொங்கி கீழ்த்தட்டு வரைக்கும் வழிஞ்சிருக்கு.” குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை.

இரண்டாவது தப்பு இன்னும் நேர்த்தியானது. விரலுக்கு ஒரு வேலை மிச்சம் என்று, ஓட்டுவதற்கும் நிறுத்துவதற்கும் ஒரே பட்டனாக வரும்படி செட்டிங்கை மாற்றியிருந்தேன். ஒத்திகையின்போது அழுத்தியது மறந்துபோனது. டைரக்டர் “சவுண்ட்” என்றதும் மறுபடி அழுத்தி, “ரோலிங்!” என்று கணீரென்று சொன்னேன். ரெக்கார்டர் நின்றது. “கட்” என்றதும் அழுத்தினேன். ஓடியது. இப்படியே மத்தியானம் முழுக்க. தலைமையாசிரியர் முப்பது வருஷப் பள்ளி வாழ்க்கையைச் சொன்னபோதெல்லாம் என் ரெக்கார்டர் ஓய்வெடுத்தது. காபியில் சர்க்கரை போடலாமா, லைட்டை இந்தப் பக்கம் தள்ளு, வெளியே யார் அம்மி கொத்துகிறார்கள் என்பதெல்லாம் 24 பிட் தரத்தில் பதிவாகியிருந்தது. நடுவே, நான் வெளியே போன நேரத்தில் டைரக்டர் யாரிடமோ சொல்கிறார்: “சவுண்ட் பையன் பரவால்ல, கவனமா வேலை செய்யறான்.” என் தொழில் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. ஃபைலை இன்னும் அழிக்கவில்லை.

தலைமையாசிரியர் மறுபடி முதலிலிருந்து பேசினார். “ஹோம்வொர்க் நோட்டை வீட்ல மறந்துட்டு வந்தவனையெல்லாம் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்” என்றார். பெஞ்ச் மேல் ஏறி நிற்கச் சொல்லாதது அவருடைய பெருந்தன்மை.

நம் ஊரில் ‘டப்பிங்ல பாத்துக்கலாம்’ என்று ஒரு தாரக மந்திரம் உண்டு. அந்தக் காலத்து கேமராக்கள் போட்ட சத்தத்தில் அப்படித்தான் படமெடுக்க முடிந்தது. பிறகு அதுவே பழக்கமானது. 2001-இல் ‘லகான்’ படம் ஸ்பாட்டிலேயே வசனத்தைப் பதிவு செய்து வந்தபோது இந்தியாவில் அது ஒரு செய்தி. டாக்குமெண்டரிக்காரனுக்கு இந்த மந்திரம் பலிக்காது. பேட்டி கொடுத்த பெரியவரை வடபழனி டப்பிங் தியேட்டருக்கு வரச்சொல்லி, திரையைப் பார்த்து வாயசைக்கச் சொல்ல முடியுமா? அங்கே விட்டது விட்டதுதான்.

இதைத் தெரிந்துகொண்டேதான் செஞ்சிப் பக்கம் கூத்து பதிவு செய்யப் போனேன். திரௌபதை அம்மன் கோயில் திருவிழா, வைகாசி மாதம், அன்றைக்குக் ‘கர்ண மோட்சம்’. ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தால் விடியும்போது கர்ணன் விழுவான். அதற்காகத்தான் பேக்கை அண்ணாச்சி கடைத் தராசு காட்டிய அளவுக்கு ஊதவைத்திருந்தேன். முகவீணைக்கு ஒரு மைக், மிருதங்கத்துக்கு ஒன்று, ஆர்மோனியத்துக்கு ஒன்று, ஆடும் இடத்துக்கு ஒரு கன் மைக், கர்ணனுக்கும் பொன்னுருவிக்கும் காலர் மைக். ஆறு. பாக்கி இரண்டு ட்ராக்கில் எதுவும் சொருகவில்லை. ஆனால் எட்டும் ஓடட்டும், அழகாக இருக்கட்டும் என்று ‘ஆன்’ செய்து வைத்தேன். இதற்கு மேல் மிக்ஸ் இரண்டு ட்ராக். மொத்தம் பத்து.

சாயங்காலம் முகவீணைக்காரரை வாசிக்கச் சொல்லி லெவல் வைத்தேன். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே பதமாக ஊதினார். இவ்வளவுதான் போல என்று கெயினை ஏற்றினேன். முகவீணை ஒரு சாண் சொச்சம் இருக்கும், அவ்வளவுதான். ராத்திரி திரைக்குப் பின்னாலிருந்து கர்ணன் கர்ஜித்துக்கொண்டு வரும்போது அதே மனிதர் அதே கருவியை எடுத்து ஊதினார் பாருங்கள், மீட்டர் சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது. இந்த இடத்தில் காப்பாற்றும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர்கள் வந்துவிட்டன. என் பழைய ரெக்கார்டருக்கு வாங்கிய கடன் அடைந்ததும் யோசிக்கலாம்.

இனி வருவதுதான் சொல்ல நா கூசும் விஷயம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் கணக்கில் ஒரு ட்ராக் மணிக்குச் சுமார் 518 எம்பி எடுக்கும். பத்து ட்ராக் என்றால் 5 ஜிபிக்கு மேல். நான் போட்டிருந்த கார்டு 32 ஜிபி. ஐந்தாம் வகுப்பு வகுத்தல் கணக்கு: ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. பத்து மணிக்கு ஆரம்பித்த பதிவு நான்கு மணி பத்து நிமிஷ வாக்கில் நின்றிருக்கிறது.

எனக்குத் தெரியவில்லை. கார்டு நிறைந்தாலும் ஹெட்போனில் சத்தம் வந்துகொண்டுதான் இருக்கும். ‘கார்டு ஃபுல்’ என்று ரெக்கார்டரின் திரை காட்டியிருக்கும். ஆனால் திரையின் மேல் முறுக்கு பிழிந்ததுபோல் கேபிள் குவியல். அதன் மேல் மழைக்கு வாங்கிய உறை. உள்ளே பார்க்க வேண்டுமென்றால் பாதிப் பேக்கைக் கவிழ்க்க வேண்டும். அதனால் நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கிழக்கு வெளுக்கும்போது கர்ணன் விழுந்தான். முன்வரிசையில் ஒரு அம்மா வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன். அப்படி ஒரு சுத்தமான சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. காதில் கேட்டதோடு சரி. என் கார்டில் கர்ணன் சாகவே இல்லை. கும்பகர்ணன் மாதிரி தூங்கிக்கொண்டே ஓடியிருந்த இரண்டு வெற்று ட்ராக்குகளில் ஆறு ஜிபிக்கு மேல் மௌனம் இருந்தது. அந்த மௌனத்தையும், எனக்குத் தேவையே இல்லாத மிக்ஸ் இரண்டையும் விட்டிருந்தால் பத்து மணி நேரம் தாங்கியிருக்கும்.

வேஷம் கலைத்துக்கொண்டிருந்த கூத்து வாத்தியாரிடம் போய் உண்மையைச் சொன்னேன். கர்ணன் அவர்தான். பாதி முகத்தில் அரிதாரம், பாதி முகத்தில் தேங்காயெண்ணெய். கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, “அதுக்கு இன்னாபா? அடுத்த வருசமும் சாவத்தான போறேன். வா” என்றார்.

படத்தில் அந்தக் காட்சிக்கு கேமரா மைக்கின் சத்தத்தைத்தான் போட்டார்கள், ஜெனரேட்டரோடு சேர்த்து.

ஊர் திரும்பியதும் பேக்கைத் தரையில் கொட்டினேன். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று வைத்தவை ஒரு பக்கெட் நிறைய வந்தன. பேட்டரிகளுக்கு ரப்பர் பேண்ட் போட்டேன்; போட்டிருந்தால் சார்ஜ் ஏறியது என்று அர்த்தம். போட்டிருந்தால் தீர்ந்தது என்று தம்பி ஒரு வாரம் நம்பிக்கொண்டிருந்தான், அது வேறு கதை. திரையின் மேல் இப்போது எதுவும் கிடையாது. இருட்டில் கையை விட்டால் எந்தக் குமிழ் எங்கே என்று விரலுக்குத் தெரிகிறது. அண்ணாச்சி தராசில் 5 கிலோ 600 கிராம்.

அடுத்த வைகாசியில் போனேன். நான்கு மைக், நான்கு ட்ராக், 128 ஜிபி கார்டு. கர்ணன் காலை 5.20-க்குச் செத்தான். ஃபைல் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது. அவன் கடைசி மூச்சுக்குச் சற்று முன் ‘கிலிங்’ என்று ஒரு சாவிக்கொத்துச் சத்தம் கேட்கும். என்னுடையதுதான். கூத்துக் களத்தில் ஃப்ரிட்ஜ் இல்லை, அதனால் சாவி பாக்கெட்டில் இருந்தது.