வில்லெடுத்த பேஸ்

பழைய அமெரிக்க ஃபிடில் இசைத்தட்டுகளில் பேஸ் சத்தமே காணோமே, எங்கே போனது?

குழலுக்குள் நுழைய முடியாமல் வாசலிலேயே நின்றுவிட்டது! 1925 வரை ஸ்டூடியோவில் மைக் கிடையாது. பெரிய கூம்புக் குழலுக்கு எதிரே நின்று வாசிக்க வேண்டும். கனத்த கீழ் சுரங்கள் அதில் சரியாகப் பதியாது. நடன இசைக் குழுக்கள் பேஸுக்குப் பதில் டூபா ஊதிச் சமாளித்தன. ஃபிடிலுக்கு அந்தக் கஷ்டமில்லை. 1922-ல் எக் ராபர்ட்சன் பக்கவாத்தியமே இல்லாமல் 'சாலி குடன்' வாசித்துப் பதிந்தார். ஒற்றை ஃபிடில்தான். கேட்டால், நாலு பேர் வாசிக்கிறார்களோ என்று சந்தேகம் வரும்.

பேஸை விரலால் சுண்டினால் போதாதா? வில் எதற்கு?

சுண்டினால் 'டும்' என்று அடங்கிவிடும், இழுத்தால் நின்று பேசும். டாக்டர் ஹம்ஃப்ரி பேட் குழு 1928-ல் அட்லாண்டாவில் பதிந்த தட்டுகளைக் கேளுங்கள். ஆஸ்கர் ஆல்பிரைட் பேஸில் வில் போட, ஃபிடிலுக்கு அடியில் நீளமாக ஓர் உறுமல் ஓடும். ஆட வந்தவர்களின் காலுக்கு அதுதான் தரை. பேட், நிஜமாகவே நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர்!

பேஸ் இல்லாத குழு என்ன செய்யும்?

செல்லோவைக் கூப்பிடும். ஈஸ்ட் டெக்சாஸ் செரனேடர்ஸ் குழுவில் ஹென்றி போகன் வில் போட்டது செல்லோவில்தான். அதிலும் மூன்றே தந்தி! நாலாவது தந்தி இல்லாத குறை எங்காவது தெரிகிறதா, கேட்டுவிட்டு எழுதுங்கள்.